இருங்க அக்காவும் இருபத்துமூன்று செல்லாத பதிவுகளும்

எங்கள் மருத்துவமனையின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் இருங்க அக்காதான். அவரைவிட ஒன்பது வயது மூத்தவனான எனக்கும் அக்காதான். "இந்த பிரிண்டர எடுத்துடலாமா?" என்று கேட்டால் "இருங்க" என்பார். "அந்த ஒயர் சும்மாதானே தொங்குது, வெட்டிடவா?" என்றால் "இருங்க, இருங்க" என்று இரண்டு தடவை வரும். அப்புறம் அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே சுவரோரமாக நடந்து, அது எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு வருவார். பாதி நாள் அது எங்கும் முடியாது, வெறுமனே தொங்கிக்கொண்டுதான் இருக்கும். அப்போதும் முகத்தில் அசடு வழியாது. "சரி, இப்ப வெட்டுங்க" என்பார்.

நான் கிடங்குப் பொறுப்பாளன். வந்ததை வாங்கி வைப்பதும், பழையதை வெளியே தள்ளுவதும் என் வேலை. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு சாமானை வைத்திருக்கச் சொல்பவர்களைக் கண்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இடம் கேட்பார்கள், தேதி சொல்ல மாட்டார்கள். அந்த வகையில் பன்னிரண்டு வருஷமாக எனக்கு வாய்த்த பெரிய தலைவலி இருங்க அக்கா.

அவர் செய்யும் வேலை என்ன என்று எனக்குப் பல வருஷம் விளங்கவில்லை. ஒருநாள் மின்தடை வந்து லிஃப்ட் நின்று, மூன்றாம் மாடிப் படியில் இருவரும் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது அவரே சொன்னார். சர்வர் அறையில் இருப்பது இரண்டே இரண்டு பெரிய இயந்திரம். அவற்றுக்குள் ஐம்பது அறுபது கணினிகள் ஓடுகின்றன. அவை எதற்கும் இரும்பு உடம்பு கிடையாது, மெய்நிகர் கணினிகள். ஒவ்வொன்றும் ஒரு கோப்புக் கட்டுதான். கோப்புகள் தனியாக ஒரு சேமிப்புப் பெட்டியில் இருக்கும். சர்வரிடம் இருப்பது வெறும் பட்டியல்: இன்ன பெயருள்ள கணினி இன்ன பெட்டியில் இன்ன இடத்தில் இருக்கிறது என்று ஆளுக்கு ஒரு வரி. கோப்பு இருந்த இடத்தில் இல்லாமல் போனால் அந்த வரி சாம்பல் நிறமாகிவிடும். பக்கத்தில் 'செல்லாது' என்று வந்துவிடும்.

"செல்லாதுன்னா தூக்கிப் போட வேண்டியதுதானே?" என்றேன்.

"அண்ணே, செல்லாதுன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல. சர்வர் கண்ணுக்குத் தெரியலன்னு அர்த்தம். அந்த வரிய எடுத்துட்டா கோப்பு ஒண்ணும் ஆகாது. ஆனா அந்தக் கோப்பு எங்கயோ இருக்குன்னு சொல்றதுக்கு வேற ஆளே கிடையாது. அப்புறம் யாராவது வருவாங்க, இது யாரோடதுன்னே தெரியலயேன்னு மொத்தமா அழிச்சிட்டுப் போயிடுவாங்க."

அந்த 'யாராவது' நான்தான் என்பதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த ஜாக்கிரதை அவர் கூடவே பிறந்ததல்ல. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பட்டே கற்றுக்கொண்டார். பட்டியலில் ஒரு வரியின் மேல் அழுத்தினால் இரண்டு வாசகங்கள் வரும். 'பட்டியலிலிருந்து எடு' என்று ஒன்று. 'வட்டிலிருந்து அழி' என்று இன்னொன்று. முதலாவது வரியை மட்டும் எடுக்கும், இரண்டாவது கோப்பையே அழித்துவிடும். சாப்பாட்டு நேரத்துக்கு முன் அவசரமாக ஒன்றை எடுக்கப்போய் இரண்டாவதை அழுத்திவிட்டார். அது மருந்தகத்தின் இருப்புக் கணினி. மூன்று நாள் நர்சு முதல் தோட்டக்காரர் வரை எல்லோரும் தரையில் உட்கார்ந்து மாத்திரை அட்டைகளை எண்ணினோம். நான் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன், அவர் காதுபடவே. அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணினார். அதற்குப் பிறகுதான் இந்த 'இருங்க' ஆரம்பித்தது.

அது வீடு வரைக்கும் போய்விட்டது. அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் லிஃப்டையும் அவர்தான் பார்க்கிறார். குழிக்குள் இறங்கி நின்றுகொண்டு என்னிடம் புலம்புவார்: "ரிமோட்டுல பேட்டரி தீந்துபோச்சுன்னா அத வேற ரிமோட்டுல போட்டுப் பாப்பா. கடிகாரத்துல போட்டுப் பாப்பா. அப்பவும் தூக்கிப் போட மாட்டா, ட்ராயர்ல ஒரு வாரம் இருக்கணும். அந்த ஒரு வாரத்துக்குள்ள நான் மறந்துபோய் அதையே எடுத்து மறுபடி ரிமோட்டுல போட்டுடறேன்." வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போன் பண்ணும்போதெல்லாம் கேட்பாளாம்: "ஏம்மா, நான் பொறந்ததுக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் பேர் வச்சியாமே, அதுவரைக்கும் என்னைச் சரிபார்த்துக்கிட்டு இருந்தியா?" அக்காவும் இதைச் சொல்லிச் சிரிப்பார். கிண்டல் பண்ணினால் கோபம் வராத மனுஷி. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

இனி லாண்டரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சலவைப் பிரிவில் முப்பது வருஷமாக வேலை செய்கிறவர், இப்போது ஐம்பது வயது. பத்தொன்பது வயதில் அவருக்கு மூளையில் ஒரு ரத்தக்குழாய் உப்பி வெடிக்கப் பார்த்திருக்கிறது. இதே மருத்துவமனையில்தான் தலையைத் திறந்து அந்த இடத்தில் ஒரு சின்ன கிளிப்பை மாட்டினார்கள். குணமான பிறகு, உயிர் கொடுத்த இடம் என்று இங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டார். இந்த வருஷம் அவருடைய இடது கால் இடுப்பிலிருந்து மரத்துப்போக ஆரம்பித்தது. துணி வண்டியைத் தள்ளும்போது தடுக்கித் தடுக்கி விழுந்தார். முதுகுத்தண்டை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஸ்கேன் அறையில், உடம்புக்குள் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். தலைக்குள் கிளிப் இருக்கிறது என்றார். அது என்ன வகைக் கிளிப் என்று காகிதம் கொண்டுவந்தால்தான் உள்ளே விடுவோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம். சில கிளிப்புக்கு ஒன்றும் ஆகாது, சில பழைய கிளிப்பை அது இழுத்துத் திருப்பிவிடும். தலைக்குள் கிளிப் திரும்பினால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

முப்பத்தொரு வருஷத்துக்கு முந்திய காகிதத்துக்கு எங்கே போவது? ஆபரேஷன் செய்த டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். பழைய கோப்பு அறையில் பதினேழு வருஷத்துக்கு முன் தண்ணீர்க் குழாய் வெடித்து எல்லாம் கூழாகிவிட்டது. கூழை அள்ளி வெளியே போட்டதும் நான்தான். லாண்டரியம்மா முதல் வாரமே இருங்க அக்காவிடம் போய்க் கேட்டார். அக்கா கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு "இல்லக்கா, உங்க பேருல அவ்வளவு பழசு எதுவும் இல்ல" என்று சொல்லிவிட்டார். அப்புறம் ஐந்து வாரம் அந்த அம்மா அந்தக் காலை இழுத்துக்கொண்டு படி ஏறாத அறை இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை படுக்கை விரிப்பு வாங்க வந்தவர் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "திங்கக்கிழமை வெளியில ஒரு ஸ்கேன் சென்டர்ல எடுத்துக்கப் போறேன். அங்க ஃபார்ம்லதான் கேப்பாங்களாம். உலோகம் இல்லன்னு போட்டுட்டா எடுத்துடுவாங்கன்னு தம்பி சொல்றான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதுவும் சரிதான், எத்தன நாள்தான் அலைவீங்க" என்றேன். வாய் என்னுடையதுதான், மறுக்கப் போவதில்லை.

அதே வெள்ளிக்கிழமை சர்வர் அறையில் வேறு ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. மறுநாள் புது சர்வர் வருகிறது. பழைய பட்டியல் முழுவதையும் புதிதற்கு மாற்றிக்கொடுக்க வெளியிலிருந்து ஒரு குழு வருகிறது. அவர்களுடைய மாற்றும் கருவி, செல்லாத பதிவைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுமாம். பட்டியலில் மொத்தம் எண்பத்தொரு வரி. ஓடுகிறவை ஐம்பத்தெட்டு, செல்லாதவை இருபத்துமூன்று. சாயங்காலத்துக்குள் அந்த இருபத்துமூன்றும் போய்விட வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். வந்து நான்கு மாதமே ஆன மனிதர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. வெளிக்குழுக்காரர் ஒரே வரியில் ஒரு கட்டளை எழுதி அனுப்பியிருந்தார். அதை ஓடவிட்டால் செல்லாதவை எல்லாம் ஒரே மூச்சில் போய்விடும்.

"அஞ்சு நிமிஷ வேலை மேடம்."

"இருங்க சார்" என்றார் அக்கா.

அவர் வழி வேறு. முதலில் பட்டியலையே ஒரு நகல் எடுத்துத் தனியாக வைத்தார். அப்புறம் ஒவ்வொரு செல்லாத வரியும் எந்தப் பெட்டியில் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று நோட்டில் எழுதினார். அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்து, கோப்பு நிஜமாகவே இல்லை என்றால் ஒரு டிக். அதே கணினி மற்ற சர்வரில் வேறு பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து இன்னொரு டிக். இரண்டு டிக்கும் விழுந்த பிறகுதான் அந்த வரியை எடுப்பார், அதுவும் முதல் வாசகத்தை விரலால் தொட்டுப் படித்துவிட்டு. எடுத்ததும் பட்டியலைப் புதுப்பித்து, ஓடுகிறவை ஐம்பத்தெட்டும் இருக்கின்றனவா என்று எண்ணுவார். ஒவ்வொரு தடவையும் எண்ணுவார். மேலாளர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு போனார்.

இரண்டரை மணிக்குள் இருபத்திரண்டு போய்விட்டது. எல்லாம் உண்மையிலேயே ஒழிந்துபோனவைதான், ஒன்றுகூடத் தவறில்லை. இருபத்துமூன்றாவதுதான் வழிமறித்தது. அதன் பெயர் 'டெம்ப் 2'. தற்காலிகத்துக்கு வைக்கிற பெயர், அதிலும் இரண்டாவது. அது காட்டிய சேமிப்புப் பெட்டியின் எண் இப்போது ஓடுகிற எந்தப் பெட்டிக்கும் பொருந்தவில்லை.

மூன்று மணிக்கு என் கிடங்கு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பழைய சேமிப்புப் பெட்டிய உங்ககிட்ட கொடுத்தேனே, இருக்கா?"

"இருக்கான்னு கேளுங்க. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு இருக்காது. பழைய சாமான் வண்டி வருது."

"அதத் திரும்ப எடுக்கணும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஒருவழியாக அந்தப் பெட்டி என் கணக்கிலிருந்து ஒழிகிற நேரம். "ஏம்மா, டெம்ப்புன்னு பேரு வச்ச ஒண்ணுக்காகவா இவ்வளவும்? பேரப் பாத்தாலே தெரியலையா, குப்பைன்னு?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே எழுந்து போனேன். அதன் மேல் நான் வார்டு திரைச்சீலைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தேன். இருவரும் தும்மிக்கொண்டே அவற்றை இறக்கினோம். பேச்சுவாக்கில் லாண்டரியம்மாவின் திங்கட்கிழமைத் திட்டத்தைச் சொன்னேன்.

அக்கா கையிலிருந்த திரைச்சீலையோடு அப்படியே நின்றார். "ஐயோ, வேணாம்னு சொல்லுங்கண்ணே. காகிதம் இல்லாம அதுக்குள்ள போகக் கூடாது."

"நீங்கதானே காகிதம் இல்லன்னு சொன்னீங்க?"

"ஆமா" என்றார். திரைச்சீலையை வைத்துவிட்டுப் பெட்டியைப் பிடித்தார்.

பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சர்வர் அறைக்குக் கொண்டுபோனோம். எட்டு வட்டுகளில் ஒன்று சுழலவே இல்லை. ஒன்று போனால் மற்றவை தாங்கிக்கொள்ளும், இரண்டு போனால்தான் கதை முடிந்தது என்றார். மின்சாரம் கொடுத்து, சர்வரோடு இணைத்து, அது தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள இருபது நிமிஷம் பிடித்தது. நான் போயிருக்கலாம். பெட்டி திரும்பக் கிடங்குக்கு வருமா வராதா என்று தெரியாமல் போக மனசு வரவில்லை. ஐந்து மணிக்கு மேலாளர் வந்தார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணுதான் பாக்கின்னு சொன்னாங்க. எடுத்துட வேண்டியதுதானே?"

"ஒரு மணி நேரம் கொடுங்க சார்."

"டெம்ப் 2-க்கா? நாளைக்கு வேலை நின்னா உங்க பேரத்தான் நான் மேல எழுத வேண்டியிருக்கும்."

"எழுதுங்க சார்" என்றார். பணிவாகத்தான் சொன்னார்.

மேலாளர் போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெட்டி திரையில் வந்தது. அதற்குள் 'டெம்ப் 2' என்ற கோப்புறையும் கோப்புகளும் முழுசாக இருந்தன. அக்கா பழைய வரியைத் தொடவில்லை. கோப்பிலிருந்து அந்தக் கணினியைப் புதிதாக ஒருமுறை பட்டியலில் சேர்த்தார். வெளி இணைப்பைத் துண்டித்து வைத்துவிட்டு அதை எழுப்பினார். நெடுநேரம் கறுப்பாகவே இருந்த திரையில் கடைசியாக நீலப் பின்னணியில் ஒரு பக்கம் வந்தது. மேலே 'அறுவை சிகிச்சைப் பதிவேடு' என்று இருந்தது.

அக்கா கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார்.

"இது நான் அடிச்சது" என்றார்.

எங்கள் மருத்துவமனைக்கு இருபத்துநான்கு வருஷத்துக்கு முன் அவர் தட்டச்சு செய்கிறவராகத்தான் வந்தார். முதலில் கொடுத்த வேலை பழைய ஆபரேஷன் பதிவேடுகள் ஆறு. அவற்றைக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பதினொரு மாதம் ஒவ்வொரு வரியாக ஏற்றினார். பதிவேடுகள் பிறகு தண்ணீரில் போயின. ஏற்றியது ஒரு பழைய கணினியில் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் அந்தக் கணினி சாகக் கிடந்தபோது அவரே அதை அப்படியே மெய்நிகர் கணினியாக மாற்றி, அடுத்த வாரம் நல்ல இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று 'டெம்ப் 2' எனப் பெயர் போட்டார். அடுத்த வாரம் வரவில்லை. புது நோயாளிப் பதிவு முறை வந்தபோது அதிலிருந்து இருபது வருஷக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தியவை இங்கேயே தங்கிவிட்டன. யாரும் திறக்காததால் கணினியை அணைத்து வைத்தார். இரண்டு வருஷத்துக்கு முன் இந்தப் பெட்டியைக் கழற்றும்போது, ஓடிக்கொண்டிருந்த கணினிகளை எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணி எண்ணி வேறு பெட்டிக்கு மாற்றினார். அணைந்து கிடந்ததை எண்ணவில்லை. அவர் எண்ணுவது எப்போதும் ஓடுகிறவற்றை மட்டும்தான். அன்று காலையிலிருந்து இருபத்திரண்டு தடவை எண்ணினாரே, அந்த ஐம்பத்தெட்டும் அதே கணக்குதான்.

இதையெல்லாம் அவர் மேலாளரிடம் அப்போதே, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார். லாண்டரியம்மா வந்து கேட்டது உட்பட ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை வருஷமாக எல்லாரையும் இருக்கச் சொன்ன மனுஷி, லாண்டரியம்மா வந்து கேட்ட அன்று அரை நிமிஷத்தில் 'இல்ல' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மேலாளர் நாற்காலியைத் திரைப் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு, "தேடுங்க மேடம்" என்றார்.

பெயரைப் போட்டால் வரவில்லை. கல்யாணத்துக்கு முன் அந்த அம்மாவுக்கு வேறு முதலெழுத்து. வருஷம் போட்டு, பெண் என்று போட்டு, வயது பத்தொன்பது என்று போட்டதும் இரண்டு வரி வந்தது. ஒன்று குடல்வால். மற்றது தலை. அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் கிளிப்பைச் செய்த கம்பெனியும் ஆறு இலக்க எண்ணும் இருந்தன. அக்கா அதை ஒரு தாளில் எழுதி, எழுதியதைத் திரையோடு சேர்த்து என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். நான் படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை.

ஸ்கேன் பிரிவின் டாக்டரிடம் போனில் எண்ணைக் கொடுத்தோம். பட்டியலைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். காத்திருக்கும் நேரத்தில் அக்கா என்ன செய்தார் தெரியுமா? பதிவேட்டுக் கோப்புகளை ஓடுகிற பெட்டிக்கு நகல் எடுத்தார். இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டார். பழைய பெட்டியிலிருந்து எழுப்பியதை அணைத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, நகலிலிருந்து கணினியை எழுப்பி, 'பழைய அறுவை சிகிச்சைப் பதிவேடு' என்று நீளமாகப் பெயர் வைத்தார். அதன் பிறகுதான் அந்தச் சாம்பல் நிற வரிக்கு வந்தார்.  முதல் வாசகத்தைத் தொட்டுப் படித்து அழுத்தினார். வரி போய்விட்டது. பட்டியலைப் புதுப்பித்து எண்ணினார், ஐம்பத்தொன்பது. செல்லாதவை இல்லை.

"முடிஞ்சுது சார்" என்றார். மேலாளர் தலையாட்டினார்.

போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"இது பழைய ஸ்டீல் கிளிப். காந்தம் இழுக்கும்" என்றார் ஸ்கேன் டாக்டர். "இந்தப் பேஷன்ட்ட எந்த எம்.ஆர்.ஐ. ரூம் கதவத் தாண்டியும் விடக் கூடாது. சி.டி. ஸ்கேன் போதும், அதுல காந்தம் கிடையாது, முதுகுல மருந்து போட்டு எடுத்துடலாம். புதன்கிழமை வரச் சொல்லுங்க. யாராவது அவங்கள எம்.ஆர்.ஐ.க்குள்ள அனுப்பப் பாத்தாங்களா என்ன?"

"இதோ இப்பவே போய்ச் சொல்லிடறோம்" என்று அக்கா போனை வைத்தார். 'அதுவும் சரிதான்' என்று காலையில் நான் சொன்னது எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. 

லாண்டரியம்மாவுக்கு ஷிஃப்ட் முடிய பத்து நிமிஷம் இருந்தது. இருவரும் கீழ்த்தளத்துக்குப் படியிலேயே ஓடினோம், லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. சலவை அறையில் பெரிய இஸ்திரி உருளை ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். உருளைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று நான் போய் அதை நிறுத்தினேன்.

கிளிப்பைப் பற்றி அக்கா சொன்னார். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னார். லாண்டரியம்மா பக்கத்திலிருந்த துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். தலையின் வலப்பக்கம், தழும்பு இருக்கும் இடத்தில் கை போனது. "மத்தியானம் தம்பி கொண்டுவந்த ஃபார்ம்ல இல்லன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டேன்" என்றார். "திங்கக்கிழமை எட்டு மணிக்கு எனக்கு முதல் டோக்கன்."

அதோடு விட்டிருக்கலாம். உயிரைக் காப்பாற்றியவர் என்ற பெயரோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அக்கா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, இது என் தப்பு. அந்தப் பதிவேட்ட அடிச்சதும் நான், கண்ட பேர் வச்சதும் நான், பெட்டியோட கழட்டி மூலையில போட்டதும் நான். நீங்க வந்து கேட்டப்ப ஒழுங்கா யோசிச்சுப் பாக்காம இல்லன்னு சொல்லிட்டேன். அஞ்சு வாரம் இந்தக் காலோட உங்கள மாடி மாடியா நடக்க வச்சுட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டார். மாத்திரை எண்ணிய மூன்று நாளிலும் அழாதவர்.

லாண்டரியம்மா தழும்பிலிருந்து கையை எடுத்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன், திட்டவும் உரிமை இருந்தது. பிறகு மூட்டையில் கை ஊன்றி மெல்ல எழுந்தார். இடது காலை இழுத்து வலது காலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எந்திரி" என்றார். "அஞ்சு வாரம் நடந்தேன். இப்பவும் நடந்துக்கிட்டுத்தானே இருக்கேன்."